பெரியப்பா முதல் வருட ஆராதனை (குடும்பக் குழு)

ஜெயா அத்தை: சனிக்கிழமை அண்ணனுக்கு முதல் வருட நினைவு ஆராதனை. சர்ச் ஐயர் பாட்டு கேட்கிறார். ராத்திரிக்குள் சொல்லுங்கள்.

எபி சித்தப்பா: பாமாலை 2, கீர்த்தனை 1. போதும்.

டெய்சி பெரியம்மா: ஞாயிறு காலையில் என் வீட்டுக்காரர் போடும் இசைத்தட்டிலிருந்து ஒன்று வேண்டும். ஸ்டேபிள் சிங்கர்ஸ்.

எபி சித்தப்பா: மதினி, அது டான்ஸ் பாட்டு. கோயிலிலா?

பெனிட்டா: ஆரம்பிச்சாச்சு 😄

ராஜன் மாமா: எபி, அது அமெரிக்காவில் ஒரு பாட்டுக் குடும்பம். அப்பா பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் 1914-ல் மிசிசிப்பியில் பிறந்து பருத்திக்காட்டில் வேலை பார்த்தவர். சிகாகோவுக்குப் போய், பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, கிதாரில் ஆளுக்கொரு சுரம் கொடுத்துப் பழக்கினார். 1948-லிருந்து கோயில் கோயிலாகப் பாடினார்கள். 1956-ல் 'அன்க்ளவுடி டே' பாட்டு வந்தபோது மகள் மேவிஸ் சின்னப்பெண். ரேடியோவில் கேட்டவர்கள் ஆம்பளைக் குரல் என்றே நினைத்தார்களாம். பாப்ஸ் கிதார் மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கும். அதற்குப் பெயர் ட்ரெமலோ.

ஜெயா அத்தை: என்னங்க, மாடியில் உட்கார்ந்து டைப் பண்ணாமல் கீழே வாங்க. தோசை ஆறுகிறது.

ராஜன் மாமா: இரு, இன்னும் இருக்கிறது.

சாம்: மட்டன் எத்தனை கிலோ சொல்லணும்?

எபி சித்தப்பா: நான் சொல்வது 1972 பாட்டை. 'ஐ வில் டேக் யூ தேர்'. அதில் ஆண்டவர் பெயர் எங்கே இருக்கிறது?

ராஜன் மாமா: அங்கேயும் கோயில்காரர்கள் பேய்ப் பாட்டு என்றார்கள். பரலோகத்துக்குத்தானே கூட்டிப் போகிறோம், வேறெங்கே என்று கேட்டார் மேவிஸ். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாட்டு அது. மார்ட்டின் லூதர் கிங் கூட்டங்களில் பாடியவர்கள். லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாததைப் பார்த்து பாப்ஸ் எழுதிய பாட்டு கிங்குக்கு ரொம்பப் பிடிக்கும்.

எபி சித்தப்பா: கிங் வேறு, நம் சபை வேறு.

டெய்சி பெரியம்மா: உன் அண்ணன் குவையரை விட்டு ஏன் விலகினார் என்று எல்லோருக்கும் தெரியும் எபி.

எபி சித்தப்பா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

சாம்: சித்தப்பா, பார்த்துட்டோம்

டெய்சி பெரியம்மா: [புகைப்படம்]

டெய்சி பெரியம்மா: பெட்டியைத் திறந்தேன். அவர்களுடைய 'பீ ஆல்டிட்யூட்' ஆல்பம் கவர் இருக்கிறது, தட்டைக் காணோம். உள்ளே பழைய கரண்ட் பில். அதன் பின்னால் அவர் கையெழுத்து: "எபி வாங்கியது, 4.5.88. திருப்பவில்லை."

ராஜன் மாமா: !!!!

ஜெயா அத்தை: அடப்பாவி

எபி சித்தப்பா: என் நிச்சயதார்த்தத்துக்குப் போட வாங்கினேன்

பெனிட்டா: அப்போ டான்ஸ் பாட்டுதான் 😂😂

ராஜன் மாமா: பாப்ஸ் 2000-த்தில் இறந்தார். அதற்குமுன் முடிக்காமல் வைத்திருந்த பதிவுகளை மேவிஸிடம் கொடுத்து, தொலைத்துவிடாதே என்றார். அந்த வார்த்தையையே தலைப்பாக வைத்து 2015-ல் வெளியிட்டார்கள். எபி, காதில் விழுகிறதா?

ஜெயா அத்தை: உங்கள் தோசையை சாம் சாப்பிட்டுவிட்டான்.

எபி சித்தப்பா: பரணில் தேடிப் பார்க்கிறேன். ஆனால் ஆராதனையில் வேண்டாம். வேண்டுமானால் சாப்பாட்டு நேரத்தில்.

டெய்சி பெரியம்மா: முதலில் தட்டு வரட்டும்.

சாம்: மட்டன் 12-ஆ 15-ஆ? கடைக்காரர் லைனில் இருக்கார்