பால்மிட்டேட் கொடுத்தும் ஆக்சிஜன் நுகர்வு ஏறவில்லை, எட்டோமாக்சிர் போட்டால் மட்டும் விழுகிறது (மூச்சுக்குழாய் எபிதீலியச் செல்கள்)

கேள்வி – தூண்செல்:
பீஸ்-2பி செல்கள் (மனித மூச்சுக்குழாய் எபிதீலியச் செல் வரிசை), சீஹார்ஸ் (செல்லின் ஆக்சிஜன் நுகர்வை அளக்கும் கருவி) 96 குழித் தட்டு. பிஎஸ்ஏ (கொழுப்பமிலத்தைச் சுமக்கும் மாட்டு அல்புமின் புரதம்) மட்டும் போட்ட குழிக்கும் பால்மிட்டேட்-பிஎஸ்ஏ (பால்மிட்டேட் ஒரு நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலம்) போட்ட குழிக்கும் வித்தியாசமே இல்லை. கொழுப்பு எரிவதைத் தடுக்கும் மருந்தான எட்டோமாக்சிர் 200 மைக்ரோமோலார் போட்டால் இரண்டிலும் பாதியாகக் குறைகிறது. செல் தன் சேமிப்புக் கொழுப்பை எரிக்கிறது என்று எழுதலாமா? முந்தின நாள் வழக்கமான ஊடகம்தான்.

சிபிடி1:
எழுதாதீர்கள். 200 மைக்ரோமோலாரில் எட்டோமாக்சிர் சிபிடி1-ஐ (நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலத்தை மைட்டோகாண்டிரியாவுக்குள் விடும் நொதி) மட்டுமா தடுக்கிறது, மைட்டோகாண்டிரியாவின் சுவாசச் சங்கிலியில் உள்ள காம்ப்ளெக்ஸ் 1-ஐயும் சேர்த்துத் தடுக்கிறது. பழைய கட்டுரைகளில் 40, 200 என்று தாராளமாகப் போட்டிருப்பார்கள். அதை அப்படியே எடுக்க வேண்டாம். 3, 5, 10 மைக்ரோமோலார் என்று அளவுத் தொடர் போட்டு, அளப்பதற்கு 15 நிமிடம் முன்பு கொடுங்கள்.

சரிபார்க்க ஆக்டனோயேட் போதும். அது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பமிலம், சிபிடி1 வழியாகப் போகத் தேவையில்லை. ஆக்டனோயேட் இருந்தும் சுவாசம் மீளவில்லை என்றால் மருந்து வேறெங்கோ கை வைக்கிறது.

கொழுப்புக்கரண்டி:
பால்மிட்டேட் பக்கம் வேறு கோளாறு. முந்தின இரவே குளுக்கோஸ் 0.5 மில்லிமோலார், கார்னிட்டின் (சிபிடி1 கொழுப்பமிலத்தைக் கடத்தத் தேவையானது) 0.5 மில்லிமோலார் உள்ள ஊடகத்துக்கு மாற்றுங்கள். குளுக்கோஸ் நிறைய இருந்தால் சிபிடி1-ஐத் தடுக்கும் மலோனைல்-கோஏ என்ற மூலக்கூறு செல்லுக்குள் ஏறி அந்தக் கதவை மூடிவிடும்.

கலவையையும் பாருங்கள். சோடியம் பால்மிட்டேட்டை 150 மில்லிமோலார் உப்புக் கரைசலில் 70 டிகிரியில் கரைத்து, 37 டிகிரியில் இருக்கும் கொழுப்பமிலம் நீக்கிய பிஎஸ்ஏ-வில் சூடாகவே ஊற்றி ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். 1 மில்லிமோலார் பால்மிட்டேட்டுக்கு 0.17 மில்லிமோலார் பிஎஸ்ஏ, அதாவது ஏறத்தாழ 6:1. ஆறவிட்டு ஊற்றினால் வெள்ளையாகத் திரியும்; அதைப் போட்டுப் பயனில்லை.

இன்னொன்று: சுவாசத்தை உச்சத்துக்கு ஏற்றப் போடும் எஃப்சிசிபி-யையும் பிஎஸ்ஏ பிடித்துக்கொள்ளும். பிஎஸ்ஏ இருக்கும்போதே எஃப்சிசிபி அளவை மறுபடி தேடுங்கள். கொழுப்பு எரிவது அடிப்படைச் சுவாசத்தைவிட உச்சச் சுவாசத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

சிலியா:
பொதுவான செய்முறையில் இரவு ஊடகத்தில் 1% சீரம் இருக்கும். பீஸ்-2பி-க்கு அது வேண்டாம், சீரம் பட்டால் செதிள் செல்லாக மாறப் பார்க்கும். தவிர, இது எஸ்வி40 வைரஸ் மரபணு கொண்டு அழியாமையாக்கிய செல். சிலியா, சளிச் செல் பற்றிப் பேசவேண்டுமானால் காற்று-திரவ இடைமுக வளர்ப்புதான் வழி. ஆனால் அந்த வளர்ப்பில் செல் வளரும் சவ்வு சாதாரண சீஹார்ஸ் தட்டில் உட்காராது.

தூண்செல்:
நன்றி. ஆக்டனோயேட்டையும் பிஎஸ்ஏ-வில் கட்டணுமா?

சிபிடி1:
வேண்டாம், சோடியம் உப்பு தண்ணீரிலேயே கரையும். பிஎச் 7.4-க்குச் சரிசெய்தால் போதும்.