மழையில் ஆடுகளுக்குப் புல்லைப் பையில் தொங்கவிடலாமா?

கேள்வி:
எட்டு வெள்ளாடும் இரண்டு கன்றும் வைத்திருக்கிறேன். மழை பிடித்துவிட்டால் காய்ந்த புல்லைத் தரையில் போட வழியில்லை, பாதிக்கு மேல் சேற்றில் மிதிபட்டு வீணாகிறது, மிதித்ததை ஆடு மோந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால் முன்பக்கம் வட்ட ஓட்டை வைத்த தார்ப்பாய்ப் பை வாங்கித் தொங்கவிட்டேன். நான்கு நாள் நன்றாகத்தான் போனது. நேற்று அடியில் கைவிட்டுப் பார்த்தால் புல் சொதசொதவென்று ஊறி, சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். பை சரியில்லையா, நான் ஏதும் தவறு செய்கிறேனா?

பதில்:
பையில் தவறில்லை. பழையதை எடுக்காமல் மேலேயே புதுப் புல்லைத் திணித்திருப்பீர்கள், அடியில் கிடப்பது ஈரத்தோடு தங்கி அழுகும். அந்தப் புல்லை வெயிலில் காயவைத்தும் கொடுக்காதீர்கள், காய்ந்தாலும் பூஞ்சணத்தின் நஞ்சு போகாது, சினை ஆடு தின்றால் கரு கலையவும் வாய்ப்புண்டு. ஒரு வேளைக்குத் தின்பதை மட்டும் போட்டு, மறுபடி நிரப்பும் முன் பையைத் தலைகீழாக உதறுங்கள். அடியில் நாலைந்து துளையும் போட்டுவிடுங்கள், உள்ளே போன தண்ணீர் வடிய வேண்டுமே.

இன்னொரு பதில்:
எங்கே தொங்குகிறது? கூரை விளிம்பில் என்றால் சொட்டுகிற தண்ணீரெல்லாம் பைக்குள்தான். உள்ளே தள்ளி, ஆட்டின் மூக்கு மட்டத்துக்குக் கட்டுங்கள். ரொம்ப உயரத்தில் கட்டினால் தூசியும் புல் விதையும் கண்ணில் விழுந்து கண் சிவந்துவிடும். அப்புறம், மழைக்கு நல்லது என்று யாராவது வலைப்பை சொன்னால் கொம்புள்ள ஆட்டுக்கு வேண்டவே வேண்டாம். என் கிடாக்குட்டி காலியாகித் தொங்கிய வலையில் கொம்பை நுழைத்து, திருகித் திருகிக் கழுத்து இறுகி, நான் ஓடும்போது நாக்கு வெளியே தள்ளியிருந்தது. அரிவாளால் அறுத்துத்தான் எடுத்தேன், பிழைத்துக்கொண்டது.

கேட்டவர்:
கூரை விளிம்பேதான்! இன்றே மாற்றிவிடுகிறேன். கன்றுகளுக்கு முகத்தில் கட்டும் பை சரிவருமா?

பதில்:
கட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பையோடு தொட்டியில் வாய் வைத்தால் உள்ளே தண்ணீர் நிறைந்து மூச்சு முட்டிச் செத்துவிடும். கன்றுகளுக்கும் தொங்கும் பையே போதும், அவற்றின் உயரத்துக்குத் தனியாக ஒன்று. கீழே சேறானால் இடத்தை மாற்றுங்கள், குளம்பு அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும்.