ரீஇஷ்யூவா, சொல்லிச் செய்த பேஸ் கிட்டாரா: இரண்டையும் வாசித்தவர்கள் சொல்லுங்கள்

ஈ கம்பி

என்னிடம் இருப்பது 62 வடிவ ரீஇஷ்யூ, அதாவது 1962 ஜாஸ் பேஸை அப்படியே திரும்பச் செய்தது; இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்). அடுத்ததைக் கையால் கிட்டார் செய்யும் லூதியரிடம் சொல்லிச் செய்யலாமா என்று யோசிக்கக் காரணம் ஒரே ஒரு சாயங்காலம். மத்தியானம் நன்றாக இருந்த நெக் (கழுத்து), மேடை ஏறும் நேரத்துக்குப் பின்பக்கம் வளைந்துவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) ஜி கம்பி பொரிகிறது. நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தினால் சரியாகிவிடும். ஆனால் அசலைப் போலவே செய்கிறோம் என்று அதன் நட்டை பாடிக்குள் புதைத்திருக்கிறார்கள். மடியில் கழற்றிய நெக், வாயில் நாலு திருகு, கம்பிகள் எல்லாம் கொடிபோல் தொங்குகின்றன. திரைக்கு அந்தப் பக்கம் எங்கள் பெயரை அறிவிக்கிறார்கள். மாட்டி முடித்து ட்யூன் செய்வதற்குள் முதல் பாட்டு பேஸ் இல்லாமலே ஓடிவிட்டது. அறுபதுகளின் சத்தம் வேண்டும், சரி. அறுபதுகளின் தொல்லையும் சேர்ந்துதான் வர வேண்டுமா?

ஐந்தாம் கம்பி

நான் சொல்லிச் செய்தவன். 35 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), ஐந்து கம்பி, உள்ளேயே ஒலியை ஏற்றிக் குறைக்கும் 18 வோல்ட் பிரீஆம்ப், நெக்கில் கிராஃபைட் தண்டு, மேல்பலகை நானே பார்த்துப் பொறுக்கியது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பி கம்பி பியானோ மாதிரி கேட்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அதை மாதிரி ஒன்றை நான் கேட்டதே இல்லை.

பதிவுக்குப் போனோம். பாட்டின் நடுவில் டிரம்மர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "நீ வாசிக்கிறியா இல்லையா?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். ஒலிப்பதிவாளர் மூலையிலிருந்து 57 வடிவ பிரிசிஷன் பேஸ் ஒன்றைத் தூக்கி வந்தார். நாலு கம்பி, ஒரு பிக்கப், இரண்டு குமிழ், வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி. ஒன்றையும் திருகாமல் கொடுத்தார். கிட்டாருக்கும் கிக் டிரமுக்கும் நடுவில் அது போய் உட்கார்ந்த விதம் இருக்கிறதே, எனக்குப் பேச்சே வரவில்லை. டிரம்மர் மறுபடி திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய கை

ஈ கம்பி, உங்கள் மேல் வருத்தம் உண்டு, ரீஇஷ்யூ மேல் இல்லை. என்னுடையதும் அதே அமைப்புதான். ஒரு தடவை நெக்கைக் கழற்றும்போது பாடி ஓரத்தில் பெயிண்ட் சில்லு பெயர்ந்தது, அதோடு முறையைக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் கதை.

முறை இது. நெக்கை முழுதாகக் கழற்றவே வேண்டாம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள், கம்பிகள் பிரியாது. கம்பிகளை நன்றாகத் தளர்த்துங்கள். பின்னால் நாலு திருகில், பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் முடியும் இடம்) பக்கத்து இரண்டையும் கழற்றிவிட்டு மற்ற இரண்டைப் பாதி தளர்த்தினால் நெக் சாய்ந்து கொடுக்கும்; சில பேஸில் அதுவே போதும், ஸ்க்ரூ டிரைவர் நுழையும். அரைக்கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். மாட்டி, ட்யூன் செய்து பார்க்க வேண்டும். எவ்வளவு வளைவு வேண்டும் என்றால், முதல் ஃப்ரெட்டில் கேப்போ, கடைசி ஃப்ரெட்டில் விரல், ஏழாவது எட்டாவது பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 0.3 மி.மீ. சுமார் இருந்தால் சரி. இதை நிகழ்ச்சி நாளில் செய்யாதீர்கள். காற்று மாறும் பருவத்தில் முன்கூட்டியே ஒரு முறை பார்த்துவிட்டால் மேடையில் திருகு கடிக்க வேண்டி வராது. அப்படியும் பயம் என்றால், நெக் அடியில் சக்கரம் போல் வெளியே தெரியும் நட் வைத்த பேஸ்கள் இருக்கின்றன. ஒரு சின்ன இரும்புக் குச்சியை நுழைத்துத் திருகலாம், எதையும் கழற்ற வேண்டாம். லூதியரிடம் போவதானால் அதைக் கேளுங்கள்.

ஐந்தாம் கம்பி, உங்கள் விஷயம் பேஸ் பிரச்சினையே இல்லை. பிரீஆம்பில் பாஸையும் (கீழ் ஒலி) ட்ரெபிளையும் (மேல் ஒலி) ஏற்றியிருப்பீர்கள். நடுவில் ஒன்றும் மிஞ்சாது.

ஐந்தாம் கம்பி

ஐயா, பிரீஆம்பை அணைத்து, பாஸிவிலும் வாசித்துப் பார்த்தாயிற்று. இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் நடு அலைவரிசை ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. பிரிட்ஜ் பிக்கப்பைக் குறைத்தால் கொஞ்சம் வருகிறது. ஆனால் அந்த 57இல் வந்தது வரவில்லை. அதன் பிக்கப் இருக்கும் இடம் வேறு. குமிழைத் திருகி இடத்தை மாற்ற முடியாது.

ஸ்டாண்ட் கறை

ரீஇஷ்யூவில் நைட்ரோ லாக்கர் (பழைய வகைப் பூச்சு) என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். என்னுடையதை ரப்பர் பிடி வைத்த ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து எடுத்தால் பிடியும் பேஸும் ஒட்டிக்கொண்டு வந்தன. முதுகில் இரண்டு கறுப்பு வடு, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. பிளாஸ்டிக் வகைப் பாலி பூச்சில் இப்படி ஆவதில்லை. துணி சுற்றி வையுங்கள்.

மூன்றரை விரல்

எனக்கு உறுத்துவது ஒரு லூதியரின் பட்டறை. கையில் இரண்டு பக்கக் குறிப்பு: 12 அங்குல ரேடியஸ் (விரல் பலகையின் வளைவு), 42 மி.மீ. நட் (திருகு நட் இல்லை, நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் கட்டை), வறுத்த மேப்பிள் மரம், எல்லாம் படித்துத் தெரிந்தவை. அவர் தாளை வாங்கவே இல்லை. என் பழைய பேஸை எடுத்து வாசிக்கச் சொன்னார். காதைத் திருப்பிக்கொண்டு என் இடது கட்டைவிரலை மட்டும் பார்த்தார். அது நெக்கின் பின்னால் எங்கே நிற்கிறது, ஈ கம்பிக்குப் போகும்போது எப்படி மேலே ஏறி வளைகிறது என்று. அப்புறம் காலிப்பர் வைத்து நட்டை அளந்தார். 38 மி.மீ., ஜாஸ் பேஸ் அளவு. "42 கேட்கறீங்க. ஏன்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. எங்கோ நல்லது என்று எழுதியிருந்தது, அவ்வளவே. பேஸை நான் ஆர்டர் செய்யவில்லை. அந்த "ஏன்?" இன்னும் காதில் இருக்கிறது.

ரேடியஸ் பற்றி ஒன்று. பழைய 7.25 அங்குல வளைவைக் கிட்டார் வாசிப்பவர்கள் திட்டுவதில் நியாயம் உண்டு, மேல் ஃப்ரெட்டில் கம்பியை இழுத்தால் சத்தம் அடைக்கும். பேஸில் அப்படி இழுப்பவர் எத்தனை பேர்? அவர்கள் புகாரை நாம் கடன் வாங்கிப் பேசுகிறோம்.

பழைய கை

மூன்றரை விரல் சொன்னது சரி. ஐந்தாம் கம்பி பிக்கப் இடம் பற்றிச் சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். எழுபதுகளில் ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பிக்கப் சுமார் 10 மி.மீ. பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தது. அந்தச் சின்ன நகர்வுக்கே சத்தம் ஒடிசலாகி, நெருப்பு மாதிரி கடிக்கும். அறுபதுகளின் இடத்தில் இருந்தால் கொஞ்சம் சதைப்பற்று. ஈ கம்பி, உங்களுக்குப் பிடித்தது 62 சத்தம் என்றால், லூதியரிடம் பிக்கப் பெயரை மட்டும் சொல்லி விடாதீர்கள். உங்கள் பேஸிலேயே பிரிட்ஜிலிருந்து பிக்கப் வரை அளந்து எழுதிக் கொடுங்கள். மரத்தில் குழி வெட்டிய பிறகு பிக்கப்பை மாற்றலாம், குழியை நகர்த்த முடியாது.

ஈ கம்பி

அளந்துவிட்டேன். அந்தச் சக்கர நட் 62 வடிவ நெக்கில் பொருந்துமா, பாடியில் கூடுதலாக வெட்ட வேண்டுமா? செய்து பார்த்தவர் யாராவது உண்டா?