உதவித்தொகை அலுவலகத்தில் எப்படிப் பேசுவது?

வணக்கம். அம்மாவின் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்காக நான்கு மாதங்களாக ஓர் அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறேன். பணம் வராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே பேசுகிற பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை, வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி, "நடக்கத்தான் முடிகிறதே, பிறகு எதற்கு இது?" என்று கேட்டார் அங்கிருந்த அலுவலர். முடக்குவாதம் ஒரு நாள் நடக்கவிடும், மறுநாள் எழுந்திருக்கவே விடாது. இதை அவருக்கு யார் சொல்வது? அம்மா பதில் பேசாமல் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இனி அங்கே வரமாட்டேன் என்கிறார்.

ஒரே சான்றிதழை மூன்று முறை கொடுத்துவிட்டேன். பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டால், "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று எரிந்து விழுகிறார்கள். (நம்பித்தானே இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினேன்!) கடைசி மேசையில் ஓர் இளைஞர் இருக்கிறார், உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அவரிடம் போகும் வாய்ப்புதான் எங்களுக்கு அமைவதில்லை.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்றிருக்கிறீர்களா? மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்கும் என்பதால் அந்தத் தேதி எனக்கு முக்கியம். அலுவலரின் நடத்தை பற்றிய புகாரைத் தனியாக எழுத வேண்டுமா? புகார் கொடுத்தால் கோப்பை அடியில் தள்ளிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. அம்மாவுக்குப் பதிலாக நான் பேச, அவர் கையெழுத்திட்ட கடிதம் போதுமா? வருகிற வியாழக்கிழமை மறுபடியும் போக வேண்டும்.