மறு: கிளிண்ட், கிரைக் – வியாழனுக்குள் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வியாழக்கிழமை களப்பயிற்சிக் கையேடு அச்சுக்குப் போகிறது. அதில் வரும் கிளிண்ட், கிரைக் என்ற ஆங்கில நிலவியல் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், அதற்குள் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

பாடத்தில் வருவது இங்கிலாந்தின் யார்க்‌ஷர் மேட்டுநிலத்தில் உள்ள மாலம் என்ற இடம். ஏறக்குறைய 80 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை; அதன் தலையில் சுண்ணாம்புக்கல் தளம் போட்டதுபோல் கிடக்கிறது. பனியாறு மேல்மண்ணைச் சுரண்டிப் போக, கரியமில வாயு கலந்த மழைநீர் கல்லின் விரிசல்களைக் கரைத்துக் கரைத்து அகலமாக்கியது. மிஞ்சி நிற்கும் கல் கிளிண்ட். நடுவில் கால் இறங்கும் இடைவெளி கிரைக். அந்த நிழலில் பெரணி முளைத்திருக்கும்.

கிளிண்டுக்குக் குடியாத்தம் டீச்சர் தந்த 'பாளம்' போதும். கோடையில் ஏரியைப் பார்த்து 'பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது' என்று நம் பிள்ளைகள் சொல்வதுதானே.

அதே வாக்கியத்திலிருந்து கிரைக்குக்கு 'வெடிப்பு' என்று பலர் எடுத்துவிட்டீர்கள். அங்கேதான் எனக்கு உதைக்கிறது. ஏரி காய்ந்து வெடிக்கிறது. இந்தக் கல்லோ நனைந்து கரைகிறது. போன வாரம் வகுப்பில் கோட்டை மலையடிவாரத்துக் கல்லில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன். அப்படியே நின்றது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் விட்டதும் சுர்ரென்று நுரைத்தது. 'கல்லு கரையுது சார்' என்றான் கடைசி பெஞ்சுப் பையன். அவனிடம் போய் வெடிப்பு என்றால், கண்ணால் கண்டதைச் சொல் அழித்துவிடும்.

சரி, 'கரைவெடிப்பு' என்றால்? நம் ஊரில் அது ஏரிக்கரை உடைந்த செய்தி.

ஆரணி ஐயாவின் 'விடர்' எனக்குப் பிடித்திருக்கிறது. மலைப்பிளவுக்குச் சங்கப் பாட்டிலேயே உள்ள சொல். காமுகர் என்ற பொருளும் உண்டே என்று ஒரு நண்பர் தயங்கினார். பாறைமேல் நிற்கிறவனுக்கு அந்தக் குழப்பம் வராது. 'கல்லளை' வேண்டாம். புறநானூறு 86இல் அது புலி தங்கிப் போன குகை, குகைக்கே இருக்கட்டும்.

ஆனால் ஐயா, சுண்ணாம்புக்கல் கரைந்து உருவான இத்தகைய நிலத்துக்கான 'கார்ஸ்ட்' என்ற சொல் நம் 'கரடு'தான் என்று நான்கு மடல் எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்லோவேனியாவின் கிராஸ் மேட்டுநிலத்தின் பெயர். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. 'சுண்ணக்கரடு' என்று புதிதாக ஆக்கினால் மறுக்கமாட்டேன். சுண்ணம் வடசொல், 'நீற்றுக்கல்' என்றே எழுத வேண்டும் என்கிறீர்கள். கடையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற பிள்ளைக்கு அது எட்டாது, ஐயா.

அப்புறம், வட ஆர்க்காட்டில் நுரைக்கும் கல்லே கிடையாது என்று யாரோ எழுதியிருந்தார்கள். திருப்பத்தூர்ப் பக்கம் சேவத்தூரில் கார்பனடைட் என்ற கல் இருக்கிறது. அதுவும் நுரைக்கும். ஆனால் அது பாறைக்குழம்பில் பிறந்த கல், கடலடியில் படிந்தது அல்ல. கையேட்டில் இதைத் தனியாகச் சேர்க்கிறேன்.

பெரும்பாலோர் வெடிப்பு என்பதால் அச்சில் 'பாளம், வெடிப்பு' என்றே போகும். எனக்கு மனம் ஒப்பவில்லை. களத்தில் நான் விடர் என்றுதான் சொல்லப்போகிறேன்.

டொலைனுக்கு, அதாவது சுண்ணாம்புக்கல் நிலத்தில் கல் கரைந்து உண்டாகும் பள்ளத்துக்கு, இன்னும் சொல் இல்லை. 'உறிஞ்சுகுழி' வேண்டாம், அது வீட்டுக் கழிவுநீர்க் குழிக்குப் போய்விட்டது. புதன் இரவு வரை பார்ப்பேன்.