செக் திரும்பி வந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

மாடிவீட்டுக்காரன்:
வீடு காலி செய்தபோது அட்வான்ஸை ஓனர் செக்காகத்தான் தந்தார். போட்டேன், திரும்பிவிட்டது. ஓனர் கணக்கில் பணம் இருந்தது. ரிட்டர்ன் மெமோவில் 'கையெழுத்து வேறுபடுகிறது' என்ற இடத்தில் டிக். கொண்டுபோய்க் காட்டினால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "என் கையெழுத்து எனக்கே தெரியாதா தம்பி?" என்று காலண்டர் தாளின் பின்னால் ஒன்று போட்டுக் காட்டினார். அது செக்கில் இருந்தது மாதிரியும் இல்லை! ரிட்டர்ன் சார்ஜ் வேறு என் கணக்கில் பிடித்துவிட்டார்கள். கையெழுத்து அவருடையது, தண்டம் எனக்கு.

கடைக்கணக்கு:
தப்பு உங்கள் பேங்க் மேல்தான். வாங்கும்போதே பார்த்துச் சொல்ல வேண்டாமா? எங்களுக்கு ஒருவர் தொகையை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டே தந்தார். அதுவும் திரும்பியது. முன்பெல்லாம் அப்படிப் போட்டால் போதும்.

ரிடையர்டு கிளார்க்:
கடைக்கணக்கு, கொஞ்சம் பொறுங்கள். ஓனரின் மாதிரிக் கையெழுத்து இருப்பது அவருடைய பேங்கில். இவருடைய பேங்க் எதை வைத்து ஒப்பிடும்? அது செக்கை ஸ்கேன் செய்து படத்தை அனுப்பும், காகிதம் இங்கேயே தங்கிவிடும். பணம் தருவதா, திருப்புவதா என்பது ஓனர் பேங்கின் முடிவு. படத்தை வைத்தே பாஸ் செய்வதால்தான் தேதியைத் தவிர வேறு எதையும் திருத்தக் கூடாது என்கிறார்கள். திருத்தல் இருந்தால் புது செக் கேளுங்கள்.

நான் கவுண்டரில் இருந்தபோது ஒருவர் அண்ணன் பெயரில் இருந்த 'அக்கவுண்ட் பேயீ' (பெயர் உள்ளவர் கணக்கில் மட்டுமே போடக்கூடிய) செக்கைத் தன் கணக்கில் போடச் சொல்லி, மதியச் சாப்பாட்டு நேரம் வரை நகரவே இல்லை.

மாடிவீட்டுக்காரன், மெமோவைப் பத்திரமாக வையுங்கள். கையெழுத்து பொருந்தாமல் திரும்பினாலும், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வரலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். இரண்டு வருடம் வரை சிறை, இல்லையென்றால் செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அப்புறம், செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். ஓனர் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்தால் அதே செக்கைத் திரும்பப் போடலாம்.

மாடிவீட்டுக்காரன்:
ஐயா, கேஸ் எல்லாம் எதற்கு? அவர் பெண் அன்றைக்கே ஜிபேயில் அனுப்பிவிட்டார்.

கடைக்கணக்கு:
ரிட்டர்ன் சார்ஜும் சேர்த்தா?

மாடிவீட்டுக்காரன்:
இல்லை.