ஆர்தர் ரான்சமின் சிறுவர் நாவல்களில் செய்தியாளரின் தடம் தெரிகிறதா?

கேள்வி:
வணக்கம். என் பதினொரு வயது மகளுக்காக வாங்கிய ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்’ நாவலை அவளுக்கு முன்பே நான் படித்து முடித்துவிட்டேன். புரட்சிக் காலத்து ரஷ்யாவிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஒருவர், வட இங்கிலாந்தின் ஏரியொன்றில் பாய்மரப் படகு ஓட்டும் நான்கு பிள்ளைகளின் கோடை விடுமுறையை எழுத வந்தது எனக்கு வியப்பளிக்கிறது. பழைய தொழில் இக்கதைகளுக்கு எவ்வகையிலேனும் உதவியதா?

மறுமொழி 1:
பெரிதும் உதவியது என்றே கருதுகிறேன். டெய்லி நியூஸ், மான்செஸ்டர் கார்டியன் ஆகிய நாளேடுகளுக்கு எழுதி, லெனினை நேரில் கண்டு பேசி, ட்ராட்ஸ்கியின் செயலாளராக இருந்த எவ்கேனியாவை மணந்துகொண்ட ரான்சமுக்கு, 1930இல் இந்நாவல் வெளிவந்தபோது வயது 46. இளமையில் கோனிஸ்டன் ஏரிக்கரையில் கழித்த விடுமுறைகளும், 1928 கோடையில் சிரியாவிலிருந்து வந்திருந்த நண்பரின் பிள்ளைகளோடு படகு ஓட்டிய நாட்களும் கதைக்குக் கருவாயின. ஆனால் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படிப்பவர் தாமே செய்யுமளவுக்குத் தெளிவாகச் சொல்லும் பழக்கம் செய்தியாளருடையது. பிள்ளைகள் முகாமிடும் தீவின் துறைக்குள் படகு நுழையும் பகுதியை நினைத்துப் பாருங்கள்: வெள்ளைக் குறியிட்ட அடிமரமும் அதன் பின்னாலுள்ள கவட்டு மரமும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி படகைச் செலுத்தினால் பாறைகளில் மோத வேண்டியதில்லை, இரவானால் அவ்விரண்டிலும் விளக்குகளைத் தொங்கவிட வேண்டும். இதில் ஒரு சொல்கூட அலங்காரத்துக்காக இல்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். 1936இல் வெளிவந்து, சிறுவர் நூல்களுக்காக பிரிட்டனில் வழங்கப்படும் கார்னகி பதக்கத்தை முதன்முதலில் பெற்ற ‘பிஜன் போஸ்ட்’ நாவலையும் படியுங்கள், அம்மா. மழையின்றிக் காய்ந்து கிடக்கும் மலைச்சரிவுகளில் தங்கம் தேடும் பிள்ளைகள், தாங்கள் நலமாக இருப்பதைப் புறாக்களின் மூலம் வீட்டுக்குத் தெரிவிக்கிறார்கள். புறா கூடு திரும்பியதும் மணி ஒலிக்கும்படி டிக் என்னும் சிறுவன் ஒரு மின்கருவியையும் அமைக்கிறான். தொலைவிலிருந்து சுருக்கமான செய்தியைத் தவறாமல் அனுப்பியாக வேண்டும் என்ற கவலையை ரான்சம் தம் வாழ்நாளில் பல ஆண்டுகள் சுமந்தவர் அல்லவா? ஒன்றை மட்டும் மகளிடம் பேசிவிடுங்கள். பிள்ளைகள் தங்களை நாடுகாண் பயணிகளாகக் கருதி, பெரியவர்களை அங்குள்ள பூர்வகுடிகள் என்னும் பொருளில் ‘சுதேசிகள்’ (natives) என்று அழைக்கும் விளையாட்டில் அக்காலத்துப் பேரரசின் பார்வை கலந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ‘சுதேசிகள்’ பற்றி அவளிடம் இன்றே பேசுகிறேன். விளக்குகள் வரும் பகுதியை இன்றிரவு இருவரும் சேர்ந்து படிப்பதாக இருக்கிறோம்.